கீழிருந்து வந்த வெளிச்சம்

வேதகிரி கல்லில் முகம் போடுகிறவன். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், பஞ்சர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கடை. கோயிலுக்கு உபயக் கல், கட்டடத்துக்குத் திறப்புவிழாக் கல், செத்தவர்களுக்குக் கல்லறைக் கல், எது வந்தாலும் செய்வான். பளபளவென்று தேய்த்த கறுப்பு கிரானைட்டில் இரும்பு ஊசியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, போட்டோவில் இருக்கிற ஆளை அப்படியே வரவழைத்துவிடுவான். நல்ல வேலைக்காரன். நல்ல மனுஷனா என்று கேட்டால் ஊர் இன்றைக்கும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும், பாவம்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜான் என்கிற இருபத்து மூன்று வயசுப் பையன் ஏரி மதகுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தான். குடித்துவிட்டு பைக்கோடு கரையிலிருந்து விழுந்துவிட்டான் என்று போலீஸில் எழுதி, கதையை முடித்துவிட்டார்கள். அது பச்சைப் பொய் என்று வேதகிரிக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஏழேகால் மணிக்கு அவன் அதே கரை வழியாகத்தான் எக்செல் வண்டியில் வீட்டுக்குப் போனான். மண் லாரி ஒன்று நின்றிருந்தது. ஜானுடைய பைக் தரையில் சாய்ந்து கிடந்தது, அதன் ஹெட்லைட் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நாலு பேர் ஜானை முட்டி போட வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்குச் சொந்தக்காரர் கிருஷ்ணசாமி பக்கத்தில் நின்றுகொண்டு, "நீ போ வேதகிரி, ஒண்ணும் இல்ல" என்றார்.

வேதகிரி போய்விட்டான். ஏரியில் திருட்டு மண் அள்ளுகிற லாரியை ஜான் நடுரோட்டில் மறித்து போனில் படம் பிடித்தது ஊருக்கே தெரிந்த விஷயம். எதற்காக அடிக்கிறார்கள் என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடை நிற்கிற இடம் கிருஷ்ணசாமியுடையது. கோயில் வேலை, பஞ்சாயத்து வேலை எல்லாம் அவர் கை காட்டி வருவது. பத்து மாதமாக வேதகிரி வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி கீதாவிடம்கூட மூச்சு விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அக்டோபர் மாதத்தில் ஒருநாள் ஜானின் அம்மா பிரிஸ்கில்லா கடைக்கு வந்து நின்றாள். வேதகிரியும் அவளும் ஒரே காலனி, தெரு மட்டும் வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், நாற்பத்தெட்டு வயசிருக்கும்.

"கல்லறைத் திருநாளுக்குள்ள ஒரு கல்லு வைக்கணும் தம்பி," என்றாள். "ஜானுக்கு."

"வைக்க மாட்டேன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். பெத்தவளுக்குக் கோவம் எத்தினி நாளிக்கு நிக்கும்?"

அவள் கோபம் சாமானியக் கோபம் இல்லை. புருஷன் குடித்தே செத்தவன். அன்றைக்கு மகன் அவள் தலையில் கை வைத்து, ஒரு சொட்டும் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தான். அவனும் குடித்துத்தான் செத்தான் என்று போலீஸ்காரன் சொன்னபோது அவள் முகம் கல்லாகிவிட்டது. அடக்கத்தில் குழிக்குள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது வழக்கம். எல்லாரும் போட்டார்கள். பெற்றவள் மட்டும் போடவில்லை. "சத்தியத்த முழுங்கினவனுக்கு எங் கையால மண்ணு கூட கெடையாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வேதகிரியும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்போதும் வாய் வரவில்லை அந்த மகானுக்கு.

அவள் கொண்டுவந்த போட்டோவில் ஜான் யாரோ கல்யாணத்தில் பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது ஒண்ணுதான் கீது. ஆனா கல்லுல சிரிக்கக் கூடாது. எங்க கோயில்ல ஒரு பழைய படம் கீது, கோடு கோடா போட்டது. அது மாதிரி போட்டுக் குடு. வந்து பாரு."

முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் சனிக்கிழமை மத்தியானம் அவன் சர்ச்சுக்குப் போனான். வாராவாரம் அந்தக் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள் பிரிஸ்கில்லாதான். உள்ளே பலிபீடத்துக்குப் பக்கச் சுவரில், வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து மாட்டிய படம் இருந்தது. செம்புத் தகட்டில் கோடு கீறி, மசி தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கிற வகை. ஏசுவைக் குகைக்குள் அடக்கம் பண்ணுகிறார்கள். தரையில் ஒரு லாந்தர் விளக்கு. சுற்றி நிற்கிற ஆறேழு பேர் முகத்திலும் வெளிச்சம் கீழேயிருந்து அடிக்கிறது.

வேதகிரி சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தான். பார்த்ததும் தொழில்காரப் புத்தி மற்ற எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. சாம்பல் நிறம் என்று எட்ட நின்று நினைத்தது எதுவும் சாம்பல் இல்லை. எல்லாம் கோடு. கோடு விலகினால் வெளிச்சம், நெருங்கினால் நிழல், மேலே இன்னொரு வரிசை குறுக்காக ஓடினால் கும்மிருட்டு. செத்தவரின் வயிற்றுப் பள்ளத்தில் மூன்று வரிசை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடியது, அங்கே பார்க்கும்போதே பசி மாதிரி ஏதோ பிடுங்கியது. ஏசுவின் அம்மா முகத்துக்கு வந்தான். கண்ணீர் ஒரு சொட்டு வரையவில்லை. கன்னத்தை வெறும் காகிதமாக விட்டிருந்தான் அதைக் கீறிய ஆள். கீழுதட்டுக்கு அடியில் ஆறே ஆறு கோடு. வேதகிரி அந்த ஆறையும் விரலால் மறைத்துப் பார்த்தான். அவள் சும்மா கூட்டத்தில் நிற்கிற ஒரு பொம்பளை ஆகிவிட்டாள். விரலை எடுத்தான். மறுபடியும் அழுதாள்.

"அழுவாத மாதிரியே அழுவுறா பாத்தியா," என்றாள் பிரிஸ்கில்லா, படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "இருபது வருசமா தொடைக்கிறேன். அவ அழுவுறா. நாந்தான் எம் புள்ளைக்கி அழுவல."

பேச்சை மாற்ற வேண்டி வேலையைப் பற்றிப் பேசினான். "காயிதம் வெள்ளைக்கா, அதுல நெழல வரையறாங்க. நம்ம கல்லு கறுப்பு. நெழல் ஏற்கெனவே கீது. நான் வெளிச்சத்த மட்டும்தான் தட்டணும். தட்டினா தட்டினதுதான், அழிக்க முடியாது."

"அழிக்கிறதுக்கா வைக்கிறோம், நீ தட்டு."

திங்கட்கிழமை கல்லை மேஜையில் ஏற்றினான். கல்யாண மண்டபத்து ட்யூப் லைட் வெளிச்சம் மேலேயிருந்து விழுந்த போட்டோ அது. அதே மாதிரி மேலேயிருந்து வெளிச்சம் வைத்து, வாயை மட்டும் மூடிவிடுவது என்று முடிவு பண்ணி, வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான். அன்றைக்கு முடி, காது, சட்டைக் காலர் எல்லாம் சுத்தமாக வந்தன. இவ்வளவுதானே, முடித்துக் கையில் கொடுத்துவிட்டால் தன் பாவமும் கொஞ்சம் தொலையும் என்றுகூட அந்த அறிவாளி நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிருஷ்ணசாமி வந்தார். கும்பாபிஷேகத்துக்குச் செய்கிற உபயக் கல்லைப் பார்க்கத்தான் வந்தார். "இன்னா வேதகிரி, கல்லு எந்த மட்டும் கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜான் பையனா. நல்ல பையன். குடி கெடுத்துது."

"ஆமாங்க," என்றான் வேதகிரி.

அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். அந்த "ஆமாங்க" வாயில் கசந்துகொண்டே இருந்தது. தண்ணீர் குடித்தான், டீ குடித்தான், போகவில்லை. அதோடு உட்கார்ந்துதான் முகத்தில் ஊசி வைத்தான். புள்ளியை விட்டுவிட்டு, படத்தில் பார்த்த மாதிரி கோடாக இழுத்தான். கை தானாக ஓடியது. மத்தியானம் கீதா சாப்பிடக் கூப்பிட்டு அடித்த போன்கூடக் காதில் விழவில்லை.

நாலு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது பகீரென்றது. தாடைக்கு அடியில் இருட்டாக விட வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடியிருந்தன. மூக்குக்கு அடியில் வெளிச்சம். புருவத்துக்கு அடியில் வெளிச்சம். நெற்றி முழுக்க இருட்டு. சரி பண்ணலாம் என்று கண்ணைத் தொட்டான், கண் நிமிர்ந்து மேலே பார்த்தது. உதட்டைத் தொட்டான், மூட வேண்டிய வாய் பாதி திறந்துகொண்டது. போட்டோவில் இருந்த ஜான் எங்கோ போய்விட்டான். கல்லில் இருந்தது ஏழேகால் மணி ஜான், தரையில் கிடந்த பைக் வெளிச்சத்தில் முட்டி போட்டு நிமிர்ந்து பார்த்த ஜான். பத்து மாதம் வாயை அடக்கியவன் கையை அடக்க மறந்துவிட்டான்.

அவன் அதன்மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினான். கல்லை உடைத்துவிடலாமா என்று சுத்தியலைக்கூட எடுத்தான். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. படம் இருக்கிறதே. லாந்தர் கீழே இருக்கிற படத்தைப் பார்த்துப் போடு என்று சொன்னவளே அவள்தானே. படத்தைப் பார்த்துத்தான் போட்டேன், வெளிச்சம் அப்படி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? சுத்தியலைக் கீழே வைத்தான். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை உபயக் கல்லின் எழுத்துகளுக்குத் தங்க பெயிண்ட் அடிக்க வந்த கீதா கோணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"ஜான்தான்."

"போட்டோல சிரிச்சிக்கினு கீறான். இதுல ஏன் இப்டிக் கெஞ்சுறான்?"

அவன் பதில் சொல்வதற்குள் பிரிஸ்கில்லாவே வந்துவிட்டாள். வேலை விட்ட கையோடு வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. சர்ச் ஐயர் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. பெயர், பிறந்த தேதி, பிறகு எல்லாக் கல்லறையிலும் எழுதுகிற மாதிரி 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்.' அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் தாளைக் கீதாவிடம் கொடுத்துவிட்டு, கல்லுக்கு முன்னால் குந்தினாள்.

ரோட்டில் டவுன் பஸ் ஒன்று போனது.

"சிரிப்ப எடுத்துட்ட," என்றாள்.

"ம்."

"வெளிச்சம் கீழேர்ந்து வருதே."

"அந்தப் படத்தப் பாத்துத்தானேக்கா போட்டேன். அதுல லாந்தர் கீழதான கீது. அதான் அப்டியே வந்துட்டுது."

அவள் தலையாட்டினாள். "ஆமா. லாந்தர் கீழதான் கீது." அப்பாடா என்று இவனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு வெளியே போவதற்குள் அவள் மறுபடி பேசினாள்.

"ஆனா அந்தப் படத்துல ஒருத்தர்கூட நம்மளப் பாக்கல தம்பி. அம்மா, அந்தக் கெழவரு, வெளக்கு வெச்சிக்கினு கீற பையன், அல்லாருமே செத்தவரத்தான் பாக்குறாங்க. நான் தொடைக்கிற படம், எனக்குத் தெரியாதா? எம் புள்ள யாரப் பாக்குறான்?"

வேதகிரி கோணியை எடுத்து மடித்தான்.

"வாயத் தொறந்து எதுவோ கேக்குறான். யாராண்ட கேக்குறான்?"

கீதா பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்தபடி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு இன்னும் நாலு சொல்லலாம். கை தவறிவிட்டது என்று சொல்லலாம், கல் சரியில்லை என்று சொல்லலாம். வேதகிரிக்கு எல்லாம் தோன்றியது. ஆனால் அந்தக் கல்லை எதிரே வைத்துக்கொண்டு ஒன்றுமே நாக்குக்கு வரவில்லை.

"என்னாண்டக்கா," என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். லாரி, பைக், நாலு பேர், கிருஷ்ணசாமி, ஏழேகால் மணி. சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் அவள் முதலில் கேட்டது கொன்றவனைப் பற்றி இல்லை.

"குடிச்சிருந்தானா?"

"இல்லக்கா. தெளிவாப் பேசினான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிரிஸ்கில்லா இரண்டு கையையும் விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். "நான் மண்ணு போடல," என்றாள். "எம் புள்ள சத்தியத்தக் காப்பாத்திக்கினுதான் செத்துருக்கான். இந்தக் கையால நான் மண்ணு போடல. நீ அங்கதான நின்ன? நான் அவனத் திட்டினப்போ நீ அங்கதான நின்ன?"

"நின்னேன்."

அவள் எழுந்து அவனை அடிப்பாள் என்று கீதா நினைத்தாள். அடித்திருந்தால் அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. கீதா கையிலிருந்து ஐயர் எழுதிய தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தூங்கினான்னு எழுத வாணாம். நீ பாத்தத எழுது. பாத்தத மட்டும்."

"நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்கா. சத்தியமா வரேன்."

"வா. ஆனா அங்க போயி நீ பேச்சு மாத்துவ. தட்டினா அழிக்க முடியாதுன்னு நீதான சொன்ன? மொதல்ல தட்டு. அப்பால போலாம்."

"வாணாங்க," என்றாள் கீதா. "கிருஷ்ணசாமி பேரப் போட்டா கடையும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம். பிரிஸ்கில்லாக்கா, உன்னக் கெஞ்சிக் கேக்குறேன், எங்க வயித்துல அடிக்காத."

பிரிஸ்கில்லா அவளைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்குத் தெரியுமா கீதா, இத்தினி நாளா?"

கீதா புருஷனைப் பார்த்தாள். பத்து மாதம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

வேதகிரி பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு ஊசியை எடுத்தான். பெயரை எழுதினான். தேதி எழுதினான். மணி எழுதினான். ஏரிக்கரையில் கிருஷ்ணசாமியும் அவர் ஆட்கள் நாலு பேரும் முட்டி போட வைத்து அடித்தார்கள் என்று எழுதினான். கிருஷ்ணசாமி என்ற பேரில் 'ஷ்' வருமிடத்தில் கை நின்றது, பிரிஸ்கில்லா காத்திருந்தாள், கை மறுபடி ஓடியது. பார்த்தவன் வேதகிரி என்று எழுதி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஞ்சர் கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி உள்ளே போய்விட்டான்.

"எம் புள்ள ஒன்னாண்ட இன்னா கேட்டான்?" என்றாள் பிரிஸ்கில்லா. அதை மட்டும் அவன் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தான்.

"அண்ணா, எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கண்ணான்னு கேட்டான்."

அவள் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதையும் எழுது," என்றாள். அவன் எழுதினான்.

"எங்க வூட்டுக்கும் ஏரிக்கும் எத்தினி நேரம்? ஓடியாந்தா கா மணி. நான் போயி கால்ல வுயுந்துருப்பேன். அடிக்கிறவனக் கும்புட்டிருப்பேன். நீ போட்டியா போனு?"

"இல்லக்கா."

"ஏன், என் நம்பர் ஒன்னாண்ட இல்லியா?"

அவன் ஊசியை மேஜைமேல் வைத்தான். பிறகு, "இருந்துது," என்றான்.

"அதையும் எழுது."

அந்தக் கடைசி வரிக்குக் கல்லில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி, ஓரத்தில் முட்டாமல் எழுதி முடித்தான். பிரிஸ்கில்லா கீதாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மேலேயிருந்து படிக்கச் சொன்னாள். கீதா எழுந்து வந்து, முந்தானையால் கல் தூசியைத் துடைத்துவிட்டு, பெயர், தேதி, மணி என்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"படி," என்றாள் பிரிஸ்கில்லா.

கீதா படித்தாள்: "அம்மாவின் நம்பர் வேதகிரியிடம் இருந்தது. அவன் போன் பண்ணவில்லை."